முத்தியால்பேட்டை வடகத்தை யார் எழுதுவது?

சித்திரை பிறந்துவிட்டால் புதுச்சேரி முத்தியால்பேட்டை மாடிகளுக்கு வேலை வந்துவிடும். மணிக்கூண்டுக் கடைத்தெருவிலிருந்து வந்த சின்ன வெங்காயம் விடிவதற்குள் உரிபட்டு, உரலில் ஒன்றிரண்டாக இடிபட்டு, அகலமான அன்னக்கூடையில் கிடக்கிறது. மேலே பூண்டு, கடுகு, சீரகம், வெந்தயம், உடைத்த கறுப்பு உளுந்து, மஞ்சள்தூள், கறிவேப்பிலை, கல்லுப்பு. கடைசியாக விளக்கெண்ணெய். மாமியார் முழங்கை வரை இறக்கிப் பிசைகிறார். பக்கத்தில் மருமகள், கையில் போனோடு.

“அத்தை, உளுந்து எவ்வளவு போட்டீங்க?”

“பாத்துட்டுதானே இருந்த. அவ்வளவுதான்.”

“கண்ணளவை எப்படி எழுதுறது அத்தை?”

“எழுதுறதுக்கா பண்றோம்? குழம்புல போடத்தானே பண்றோம்.”

மாமியார் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நெசவாளர் தெருக்களும் சோலை நகர், வைத்திக்குப்பம் மீனவர் குடியிருப்புகளும் அடுத்தடுத்து இருக்கிற இந்த வட்டாரத்தில், தாளிப்பு வடகத்தை ஏட்டைப் பார்த்துக் கற்றவர் யாரும் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தார்கள், கை பழகியது. ஆனால் இப்போது அந்த மருமகளின் அக்கா பாரிஸ் புறநகரில் இருக்கலாம், நாத்தனார் சென்னை வேளச்சேரியில் இருக்கலாம். பக்கத்தில் நிற்க ஆள் இல்லை. அதனால்தான் கையில் போன். எழுதினால் போதுமா, எங்கே எழுதுவது, எழுதியதை யார் காப்பது, யார் மாற்றுவது, யார் விற்பது என்று அங்கிருந்து கேள்விகள் நீள்கின்றன.

பாரிசுக்குப் போன உருண்டை

வடகம் ஏற்கெனவே உலகம் சுற்றிவிட்டது. பிரான்சிலும் அமெரிக்காவிலும் மசாலாக் கடைகளில் ‘வதுவான்’ என்ற பெயரில் அது தூளாகப் புட்டியில் கிடைக்கிறது. பெரிய உணவகச் சமையல்காரர்கள் மீனுக்கும் ஆட்டுக்கறிக்கும் தூவுகிறார்கள். அந்தப் பெயரில் ஆங்கில விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரையே இருக்கிறது. பிரெஞ்சுக் காலனியத் தாக்கத்தில் புதுச்சேரிப் பகுதியில் உருவான கலவை என்ற கோணத்தில்தான் அது அறிமுகமாகிறது.

முத்தியால்பேட்டை மாடியில் நிற்பவருக்கு இது முழுக் கதையாகத் தெரியாது. பிரெஞ்சு ஆட்சி நிலைக்காத விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர் பக்கமும் கோடையில் இதே வடகத்தைத்தான் உருட்டுகிறார்கள். கப்பலேறிப் போய்ப் புட்டிக்குள் அடைபட்டதில் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பங்கு உண்டு. உருட்டியதில் அல்ல. புட்டித் தூளில் விளக்கெண்ணெய் வாசனையும் இருக்காது. பகலில் வெயில், இரவில் மறுபடி பாத்திரம் என்று நாள்கணக்கில் ஊறிக் காய்ந்த புளிப்பும் இருக்காது. மீன் குழம்பை இறக்கும்போது ஓர் உருண்டையை உதிர்த்து எண்ணெயில் பொரித்துக் கொட்டினால் தெருமுனை வரை போகும் அந்த மணத்தை எந்தக் கட்டுரையும் இதுவரை சரியாகச் சொல்லவில்லை.

குறை எழுதியவர்களிடம் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த புத்தகங்களையும் பத்திரிகைகளையும் வைத்து எழுதினார்கள். செய்கிறவர்கள் எழுதாததுதான் குறை. 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதியதால்தான் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காலத்துப் புதுச்சேரி இன்றைக்கும் நம் கண்முன் நிற்கிறது. அந்த ஊரின் அடுப்படிகளுக்கு அப்படி ஒரு பிள்ளை வாய்க்கவில்லை.

சமையலை எழுத்தாக்கியவர்கள் தமிழில் இல்லாமல் இல்லை. சொந்தக்காரர்கள் ஓயாமல் பக்குவம் கேட்டதாலேயே எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் ‘சமைத்துப் பார்’ நூலைக் கொண்டுவந்தார். மூன்று தலைமுறை மணமகள்கள் அதைப் பெட்டியில் வைத்துப் புகுந்த வீடு போனார்கள். புதுச்சேரிக்கென்று லூர்து திருவாஞ்சியம்-லூயி 2012-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி பாண்டிச்சேரி கிச்சன்’ இருக்கிறது. நூல் என்பது ஒருவர் எழுதி முடித்தது. விக்கி முடிவதில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து திருத்தலாம், திருத்தியது யார், எப்போது என்பதும் பதிவாகும். பக்கத்து வீட்டுக்காரர் “எங்க வீட்டுல கொஞ்சம் சோம்பும் சேர்ப்போம்” என்று சொல்ல, அதில் இடம் இருக்கிறது.

‘தொகு’ என்று ஒரு பொத்தான்

வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலர் முதல் விக்கித் தளத்தை இணையத்தில் ஏற்றியது 1995 மார்ச் 25-ல். விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் வந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. அதன் முதல் ஆண்டுகளில் ஏறக்குறைய தனியாளாக நின்று கட்டியெழுப்பியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து அமீரகத்தில் பணியாற்றிய கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு இயல் விருது கொடுத்தது. 2017 மே மாதம் கட்டுரைகளின் எண்ணிக்கை 1 லட்சத்தைத் தாண்டியது. இந்திய மொழிகளுக்கிடையே கட்டுரை எழுதும் போட்டியாக நடந்த வேங்கைத் திட்டத்தின் இரண்டாம் சுற்றில், 2019-20-ல், தமிழ்தான் முதலிடம். இத்தனையும் சம்பளம் வாங்காதவர்கள் செய்தது.

உள்ளே நுழைந்து பார்த்தால் அந்தத் தளத்தில் ஒரு ஊர்த்தன்மை இருக்கிறது. பொது விவாதம் நடக்கும் இடத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். புதியவர் சந்தேகம் கேட்கும் இடம் ‘ஒத்தாசைப் பக்கம்’. எழுதிப் பழக ‘மணல்தொட்டி’. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம். மேலே ‘தொகு’ என்ற பொத்தான். அதை அழுத்தினால் கட்டுரை திறந்துகொள்ளும். தட்டச்சு தெரியாது என்று தயங்கத் தேவையில்லை. தமிழ்99, ஒலிபெயர்ப்பு என்று விசைப்பலகைகள் பக்கத்துக்குள்ளேயே இருக்கின்றன. போனில் பேசினாலே எழுத்தாகிற வசதியும் வந்துவிட்டது. மாமியார் பேசலாம், மருமகள் பிழை திருத்தலாம்.

கற்றுக்கொள்ள வேண்டியதில் கடினமானது பொத்தான்கள் அல்ல. கண்ணளவைக் கணக்காக்குவதுதான். அதற்கு வீட்டிலேயே ஒரு வழி உண்டு. வேலை தொடங்குமுன் உளுந்து டப்பாவைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கடுகு டப்பா, சீரக டப்பா, எண்ணெய்ப் புட்டி, எல்லாவற்றையும் அப்படியே. அத்தை தன் போக்கில் அள்ளிப் போடட்டும், ஒரு வார்த்தை குறுக்கே பேசாதீர்கள். முடிந்ததும் மறுபடி எடை போடுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் அளவு. பிடியும் சிட்டிகையும் கிராம் ஆகிவிடும், செய்கிறவரின் கை தடைபடாது. நாள் கணக்கும் இப்படித்தான். முதல் நாள் மாலை எத்தனை மணிக்குப் பாத்திரத்துக்குத் திரும்பியது, கசிந்த நீரை ஊற்றிவிட்டார்களா அதிலேயே பிசைந்தார்களா, எந்த நாளில் உருண்டை பிடிக்க வந்தது, எந்த நாளில் மறுபடி எண்ணெய் தொட்டு உருட்டினார்கள் என்பதையெல்லாம் தேதியிட்ட படங்களோடு வைத்துக்கொண்டால், அது எந்தச் சமையல் புத்தகத்திலும் கிடைக்காத ஆவணம்.

——— பெட்டி: எது எங்கே போகும்? ———

விக்கிப்பீடியா: ஓர் உணவின் வரலாறு, வழங்கும் பகுதி, வகைகள், பயன்பாடு. அது கலைக்களஞ்சியம் என்பதால் செய்முறைக் குறிப்பு அங்கே நிற்காது.

விக்கிநூல்கள்: அளவு, செய்முறை, பக்குவம் எல்லாம் இங்கே. ஆங்கில விக்கிநூல்களில் சமையலுக்கென்றே பெரிய தனிப் பகுதி இருக்கிறது.

விக்கிமீடியா பொதுவகம்: நீங்களே எடுத்த படம், காணொலி, ஒலிப்பதிவு. கூகுளில் தேடி எடுத்த படத்துக்கு அனுமதி இல்லை. முகம் தெரிந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விக்சனரி: அன்னக்கூடை, கடைசல், சுண்டல் பதம் போன்ற அடுப்படிச் சொற்கள்.

விக்கிமூலம்: காப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்கள். இந்தியச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும்.

————————

முதல் பத்தி காணாமல் போகும்போது

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் திரும்பிப் போகிற இடம் இது. ராத்திரி உட்கார்ந்து ஆசை ஆசையாக எழுதுகிறார்கள். காலையில் பார்த்தால் பத்தி இல்லை. யாரோ நீக்கியிருக்கிறார்கள். மனம் புண்படுகிறது. ‘நம்ம வீட்டு விஷயத்தை நீக்க இவர் யார்?’

கோபப்படுமுன் ‘வரலாறு’ என்ற இணைப்பை அழுத்திப் பார்க்க வேண்டும். நீக்கியவர் காரணத்தை ஒரு வரியில் எழுதியிருப்பார். காரணங்கள் பெரும்பாலும் மூன்று நான்குதான். செய்முறையைக் கலைக்களஞ்சியக் கட்டுரையில் போட்டிருப்பீர்கள். ‘எங்களிடம் சுத்தமான வடகம் கிடைக்கும்’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருப்பீர்கள், அது விளம்பரம். பத்திரிகையில் வந்த குறிப்பை வரி மாறாமல் எடுத்திருப்பீர்கள், அது காப்புரிமை மீறல். பொருள்களின் பட்டியல் யாருக்கும் சொந்தமில்லை. அதை ஒருவர் விளக்கி எழுதிய நடை அவருக்குச் சொந்தம். ‘சர்க்கரையைக் குறைக்கும், மூட்டுவலி போகும்’ என்று எழுதினாலும் நிற்காது. உடல்நலம் பற்றிய கூற்றுக்கு மருத்துவ ஆய்விலிருந்து சான்று கேட்பார்கள். இந்தக் கண்டிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் வைத்தியக் குறிப்புகளிலிருந்து ஒரு கலைக்களஞ்சியத்தைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

உடன்படவில்லையா? உரையாடல் பக்கத்தில் எழுதலாம். அங்கே பதில் சொல்பவர் சிட்னியில் இருக்கலாம், யாழ்ப்பாணத்தில் இருக்கலாம், சேலத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கலாம். யாழ்ப்பாணத்துக்காரருக்கு வடகம் என்றால் வேப்பம்பூவும் வாழைப்பூவும் நினைவுக்கு வரும். தஞ்சாவூர்க்காரர் சிலருக்கு அரிசிக்கூழ் பிழிந்து காயவைத்தது. அதனால் கட்டுரைக்கு ‘தாளிப்பு வடகம்’ என்று தனித் தலைப்பு வைத்து, மற்ற வடகங்களுக்கும் வழிகாட்டும் பக்கம் ஒன்று போட வேண்டியிருக்கும். நம் வீட்டு முறைதான் அசல் என்ற பிடிவாதம் இங்கே எடுபடாது. ஒரே தெருவில் சோம்பு சேர்க்கிற வீடும் சேர்க்காத வீடும் இருக்கும்போது இரண்டையும்தான் எழுத வேண்டும்.

அத்தை சொன்னதற்குச் சான்று எங்கே?

இதுதான் ஆகப்பெரிய முட்டுக்கட்டை. விக்கிப்பீடியா எதற்கும் நம்பகமான இடத்தில் வெளிவந்த சான்று கேட்கும். 60 வருடமாக வடகம் போடுகிறவரின் வாய்ச்சொல் அதற்குச் சான்றாகாது. அவரை ஒருநாள் பேட்டி எடுத்து யாரோ நாளிதழில் நாலு வரி எழுதினால் அது சான்றாகிவிடும். அந்த நாலு வரியில் இரண்டு தப்பாக இருந்தாலும்!

இந்த அநீதியை உலகம் பார்க்காமல் இல்லை. 2011-ல் பெங்களூருவைச் சேர்ந்த அச்சல் பிரபாலா இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார். இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்திலும் விக்கிப்பீடியர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். புத்தகத்தில் இல்லாத விளையாட்டுகள், சடங்குகள், மாரூலா பழத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம் ஆகியவற்றைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்தார்கள். அந்த ஒலிப்பதிவுகளையே சான்றாகக் கொடுத்துக் கட்டுரைகள் எழுதினார்கள். ‘மக்களே அறிவு’ என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் ஆவணப்படமும் வந்தது. பெரிய விவாதம் நடந்தது, ஆனாலும் வாய்மொழிப் பதிவை ஏற்பது விக்கிப்பீடியாவின் பொது விதியாகவில்லை. யாரும் எதையும் பதிவுசெய்து ‘ஊர்ப் பெரியவர் சொன்னார்’ என்று சொல்லிவிட முடியும் என்ற அச்சம் வென்றது. அந்த அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே, வழி இருக்கிற இடத்தில் நடக்க வேண்டும். செய்முறையை விக்கிநூலில் ஏற்ற இவ்வளவு கெடுபிடி இல்லை. படமும் பேச்சும் பொதுவகத்துக்குப் போகட்டும். கலைக்களஞ்சியக் கட்டுரைக்குச் சான்று வேண்டுமென்றால் அந்தச் சான்றை உண்டாக்கும் கடமை புதுச்சேரியின் கல்வி நிறுவனங்களுக்கு இருக்கிறது. புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கல்லூரிகளில் மனையியல் துறையும் தமிழ்த்துறையும் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு கோடையில், ஒரு வட்டாரத்தின் வடகத்தைக் களஆய்வு செய்து சிறு நூலாக அச்சிட்டால் போதும். அது வந்த மறுநாளே விக்கியில் சான்றாக ஏறும். இது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. செய்யாமல் விடுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

——— பெட்டி: எழுத்து காப்பாற்றிய மஞ்சள் ———

மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமம் கிடைத்தது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்தது. ‘எங்கள் பாட்டிகளுக்கு இது தெரியும்’ என்பது மட்டும் அங்கே எடுபடாது என்பதால் பழைய நூல்களையும் ஆய்விதழ்களையும் திரட்டிக் கொடுத்தது. 1997-ல் காப்புரிமம் ரத்தானது. அந்தப் பாடத்துக்குப் பிறகுதான், 2001-ல், மரபறிவு மின்னூலகத் திட்டம் வந்தது.

புவிசார் குறியீட்டுக்கும் இதே நிலைமைதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-லும் கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-லும் அதைப் பெற்றன. விண்ணப்பத்தில் அந்தப் பண்டம் அந்த ஊரில்தான் பிறந்தது என்பதற்கு வரலாற்றுச் சான்று வைக்க வேண்டும்.

————————

கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான்

மஞ்சள் கதையைக் கேட்டதும் எல்லாவற்றையும் உடனே எழுதிவிட வேண்டும் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முத்தியால்பேட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வடகம் போட்டு விற்றே பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கைப்பக்குவம்தான் அவர்களுடைய முதல்.

விக்கியில் எழுதும்போது ‘வெளியிடு’ பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஓர் உரிமக் குறிப்பு இருக்கும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் அது. நீங்கள் எழுதியதை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும் என்பவைதான் நிபந்தனைகள். அந்த நிபந்தனையும் எழுத்துக்குத்தான். எழுத்தைப் படித்து ஒரு தொழிற்சாலை வடகம் போட்டால் அதைத் தடுக்க முடியாது. ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. ஆகவே ஊரறிந்த பொதுமுறையை எழுதுங்கள். ஒருவர் தன் பிழைப்புக்காக வைத்திருக்கும் தனிப் பக்குவத்தை, அவரே முழுமனதாகச் சொன்னாலொழிய எழுதாதீர்கள். மாமியாருடையதாக இருந்தாலும் கேட்டுக்கொண்டுதான் எழுத வேண்டும்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்றைக்குப் பிள்ளைகள் பக்குவம் கேட்பது பாட்டியிடம் அல்ல, போனிடம். தேடுபொறிகளும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் பதில் சொல்லக் கற்றுக்கொண்ட இடங்களில் விக்கிப்பீடியா முக்கியமானது. அங்கே ‘வதுவான்’ இருந்து, தாளிப்பு வடகம் இல்லாமலோ இரண்டு வரியிலோ இருந்தால், நாளைக்கு முத்தியால்பேட்டைப் பேரனுக்கே போன் பிரெஞ்சு மசாலாவின் கதையைத்தான் சொல்லும்.

யார் உட்காருவது?

விக்கிமீடியா அறக்கட்டளை 2011-ல் நடத்திய கணக்கெடுப்பில், உலகம் முழுவதும் விக்கியில் எழுதுபவர்களில் பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்று தெரிந்தது. சமையல் கட்டுரைகள் மெலிந்து கிடப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பகலெல்லாம் அடுப்படியில் நிற்பவருக்கு இரவில் ஒரு மணி நேரம் யாரும் கொடுப்பதில்லை. பயிற்சி முகாம்கள் பெரும்பாலும் கல்லூரிக் கணினி அறையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கின்றன. வீட்டில் கறி வாங்கிவரும் நேரம் அது. பெண்கள் வர வேண்டுமென்றால் முகாம் அவர்கள் தெருவுக்கு, அவர்களுக்கு ஒழிந்த பிற்பகலில் வர வேண்டும். புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் இயங்குகின்றன. சுய உதவிக் குழுக்கள் எல்லாத் தெருவிலும் இருக்கின்றன. இந்த இருவரையும் ஒரே பாயில் உட்காரவைக்கத்தான் ஆள் வேண்டும்.

ஒருவரே எல்லாம் செய்ய வேண்டியதும் இல்லை. பெரியவர் சொல்லட்டும், கல்லூரிப் பெண் தட்டச்சு செய்யட்டும், தம்பி படம் எடுக்கட்டும். மீன் பெயரில் தகராறு வந்தால் சோலை நகர் மீனவரைக் கேளுங்கள். இங்கே வஞ்சிரம் என்பதை யாழ்ப்பாணத்தில் அறுக்குளா என்றும் கன்னியாகுமரியில் நெய்மீன் என்றும் தேடுவார்கள். மூன்று பெயரும் ஒரே பக்கத்துக்கு வந்துசேர ‘வழிமாற்று’ என்ற ஏற்பாடு விக்கியில் உண்டு, போடுவதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

முதல் கட்டுரை வடகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்காகக் கடற்கரைப் பக்க உணவகங்கள் ‘கிரியோல்’ என்று பட்டியல் போட்டு விற்கிற விந்தாய் இருக்கிறது. தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் சேரும் அசாத் குழம்பு இருக்கிறது. சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் கொண்டுவந்த நேம் சுருள் இருக்கிறது. விறகடுப்பில் வேகும் நீள ரொட்டி, கிறிஸ்துமஸுக்கு ரவையும் ரம்மும் சேர்த்துச் செய்யும் கேக், மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் கூடும் கூட்டத்துக்கு வீடுகளில் ஆகும் சமையல் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றையும் எந்த வீட்டில், யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பது அந்தந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும்.